எனக்கும் வயது, அதற்கும் வயது

தனியாக இருக்கும் வயதானவரைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே மருந்துதான் தோன்றும்: "ஒரு நாய்க்குட்டி வாங்கி வளருங்களேன், பொழுது போகும்." மனைவி போன பிறகு என்னிடம் இதைச் சொல்லாதவர்கள் கிடையாது. மகள் இன்னும் ஒருபடி மேலே போய், குட்டிகளின் படமாக அனுப்பித் தள்ளினாள். எல்லாமே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எழுபதைத் தொடப்போகிறவன் குட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். சிறிய ரக நாய்கள் 12 முதல் 15 வருடம் இருக்கும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு 15 வருடம் சர்வசாதாரணம். பெரிய கிளி வகைகளில் சில 50 வருடத்தையும் தாண்டும்; அப்படி ஒன்றை வாங்குகிற வயதானவர், அதைப் பேரனுக்கு எழுதி வைக்கும் சொத்தாக நினைத்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு அப்போது 69. குட்டி கிழடாகிற காலத்தில் நான் இருப்பேனா, இருந்தாலும் குனிந்து அதற்குத் தண்ணீர் வைக்கிற நிலையில் இருப்பேனா?

அந்தக் கணக்கை விடுங்கள், குட்டியின் முதல் வருடமே போதும். கண்ட இடத்தில் ஈரம், கடித்துக் குதறிய செருப்பு, ராத்திரி முழுக்க அழுகை, நாம் நடக்கும் காலுக்கு நடுவிலேயே ஓட்டம். முட்டிவலிக்காரன் ஈரத் தரையில் ஒரு தரம் சறுக்கினால் போதும், அப்புறம் யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

அதனால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வயதானவருக்கு வயதான நாய். நாய்க் காப்பகங்களில் குட்டிகளைத்தான் ஆட்கள் தேடி வந்து எடுத்துப்போவார்கள். ஏழெட்டு வயதானவற்றைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அந்த வயதில் நாயின் குணம் என்ன என்பது தெரிந்துவிடும். சிறுநீர் கழிக்க வெளியே போகப் பழகியிருக்கும். கடிக்கிற நாயா, குழந்தைகளைக் கண்டால் ஒதுங்குமா, இழுத்துக்கொண்டு ஓடுமா என்று நாலு நாள் பார்த்தாலே சொல்லிவிடலாம். குட்டியை வைத்துக்கொண்டு இதில் எதையும் சொல்ல முடியாது.

பொம்மி அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தது. தெரிந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி தவறிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் அடுக்குமாடியில் இருப்பவர்கள், நாய் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. எட்டு வயது, கலப்பு இனம், நடுத்தர உயரம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். பெயரும், தடுப்பூசி அட்டையும், ஒரு பழைய போர்வையும் கூட வந்தன. வேறு எந்தத் தகவலும் வரவில்லை. என்ன சாப்பிடும், எப்போது சாப்பிடும், எதற்குப் பயப்படும் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாரே.

வந்த புதிதில் வாசற்கதவைப் பார்த்தபடியே படுத்திருந்தது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கூப்பிட்டால் காது மட்டும் அசையும். நானும் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தேன், அவ்வளவுதான். இடம் மாறி வந்த வளர்ந்த நாய்க்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரமே சும்மா விடுவதுதான். கட்டிப்பிடிப்பது, வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டுவது, முதல் நாளே குளிப்பாட்டுவது இதெல்லாம் வேண்டாம். ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே இடத்தில் படுக்கை, ஒரே குரல். வேறொன்றும் தேவையில்லை.

ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்து, மாத்திரை அட்டையை எடுத்து அழுத்தினேன். அந்த 'டக்' சத்தம்தான் தாமதம். அதுவரை ஆடாமல் அசையாமல் கிடந்த நாய் எழுந்து ஓடி வந்து, என் நாற்காலியின் வலது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்து, வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வாலில் சின்ன ஆட்டம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் அதே கதை. அப்புறம் அந்த அம்மாளின் மருமகளிடம் விசாரித்தபோது சிரித்தார். "அத்தை மாத்திரை போட்டதும் அரை பிஸ்கட் அவங்களுக்கு, அரை பிஸ்கட் அதுக்கு. வருஷக்கணக்கா அப்படித்தான்" என்றார். சரி, நானும் அரை பிஸ்கட் கொடுத்தேன். எங்கள் சிநேகம் அங்கேதான் தொடங்கியது. இன்றைக்கு நான் மாத்திரையை மறந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தால், ஒன்பது மணிக்கு மேல் வந்து முட்டியில் மூக்கால் இடிக்கும். அதற்கு என் இரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, பிஸ்கட்தான் குறி. மாத்திரை என்னவோ தவறுவதே இல்லை.

தனிமை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். எனக்கு அது தொண்டையில் தெரிந்தது. சாயங்காலம் மகள் போன் செய்யும்போது முதல் ரெண்டு வார்த்தை கரகரவென்று வரும். "சளியா அப்பா?" என்பாள். சளியெல்லாம் இல்லை, காலையிலிருந்து வாயையே திறக்கவில்லை என்பதுதான் விஷயம். இப்போது நாள் முழுக்கப் பேசுகிறேன். "நகரு", "இரு, வர்றேன்", "அந்தாள் வந்தா ஏன் குரைக்கிற, போன வாரமும் வந்தவர்தானே" என்று ஓயாமல். வெளியே கூட்டிப்போனால் மனிதர்களோடும் பேச்சு வருகிறது. வருடக்கணக்காக அதே தெருவில் நடந்திருக்கிறேன், யாரும் நின்றதில்லை. நாயோடு போனால் நின்று அதன் வயதைக் கேட்கிறார்கள். தெருவில் பாதிப் பேருக்குப் பொம்மியின் பெயர் தெரியும், என் பெயர் தெரியாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

அது என் மேல் உண்மையிலேயே பாசம் வைத்திருக்கிறதா என்ற ஆராய்ச்சிக்கு நான் போவதில்லை. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதாகக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்யும் அதே ஹார்மோன்தான். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் காலையில் கட்டிலை விட்டு இறக்குவது வேறு. நான் எழுந்தால்தான் அது வெளியே போக முடியும். நான் வைத்தால்தான் அதற்குச் சாப்பாடு. ஓய்வு பெற்று, பிள்ளைகள் தலையெடுத்து, துணையும் போன பிறகு, நாம் இல்லாவிட்டால் இன்று எதுவும் நின்றுபோகாது என்ற நிலை வந்துவிடுகிறது. வயதானவரைத் தின்பது அந்த நினைப்புதான். பொம்மி வந்த பிறகு ஒரு ஜீவனின் நாள் என்னால் நின்றுபோகும் என்றாகிவிட்டது.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கும் நிதானமாகத்தான் பதில் சொல்வேன். 1980இல் அமெரிக்காவில் எரிகா ஃபிரீட்மன் குழுவினர் நெஞ்சுநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். வீட்டில் பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேரும், இல்லாத 39 பேரில் 11 பேரும் அந்த வருடத்துக்குள் இறந்துபோனார்கள். இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு அதுதான். ஆனால் 92 பேர் என்பது சின்னக் கூட்டம். உடம்பு ஓரளவு தெம்பாக இருப்பவர்தானே பிராணி வளர்க்க முன்வருவார் என்ற கேள்வியும் இருக்கிறது. 2013இல் அமெரிக்க இதயச் சங்கம் இதையெல்லாம் அலசிவிட்டு, பிராணி வளர்ப்பது, முக்கியமாக நாய் வளர்ப்பது, இதயநோய் அபாயம் குறைவதோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று சொன்னது; அதற்காகவே ஒரு பிராணியை வாங்கிக் கட்டவேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னது. எனக்கு இது சரியாகப் படுகிறது. மருந்துக்குப் பதிலாக நாய் வாங்காதீர்கள். நடக்கப் பிடிக்காத என்னை அது தினமும் ரெண்டு வேளை நடத்துகிறது, அந்த லாபம் போதும்.

அந்த நடையில்தான் ஆபத்தும் இருக்கிறது. யாரும் இதைச் சொல்லி எச்சரிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அமெரிக்காவில் நாய், பூனையால் தடுக்கி விழுந்து அவசரச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் வருடத்துக்குச் சுமார் 86,000 பேர் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009இல் கணக்குச் சொன்னது. அதில் எலும்பு முறிவு 75 வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் மிக அதிகம். பெரும்பாலும் நாய்தான் காரணம், பூனை குறைவு. நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தும்போது 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகள் 2004க்கும் 2017க்கும் இடையில் அங்கே இரண்டு மடங்குக்கு மேல் கூடியதாக இன்னொரு ஆய்வு சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிகம் முறிந்தது இடுப்பெலும்பு. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் செய்துவைத்திருப்பது இதுதான். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது கிடையாது. நாய் திடீரென்று பாய்ந்தால் கயிறு கையை விட்டுப் போகட்டும், நான் கூடப் போக வேண்டாம். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் வகைக் கயிறும் வேண்டாம். ஓட விட்டு நடுவில் நிறுத்தும்போது அது கொடுக்கிற வெட்டு தோளையே கழற்றிவிடும். நீளம் மாறாத, அகலப் பட்டைக் கயிறு நல்லது. கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்போடு சேர்த்து மாட்டும் பட்டை, அதிலும் கொக்கி நெஞ்சுப் பக்கம் இருக்கும் வகை என்றால் இழுவை பாதியாகக் குறைந்தது போல இருக்கும். மாட்டுவதற்குக் குனிய மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன், அது என் முழங்காலுக்கு நடுவே வந்து நிற்கும். சாப்பாட்டுத் தட்டை ஒரு குட்டை ஸ்டூலின் மேல் வைத்திருக்கிறேன். எனக்கும் குனிய வேண்டாம், அதன் கழுத்துக்கும் சுகம்.

வீட்டுக்குள் பெரிய வில்லன் ராத்திரிதான். பொம்மி கறுப்பு. கழிப்பறைக்குப் போகும் வழியில் இருட்டில் கறுப்பு நாய் படுத்திருந்தால் கண்ணுக்கு எங்கே தெரியும்? கழுத்துப் பட்டையில் ஒரு சின்ன மணி கட்டினேன். நடைவழியில் இரவு விளக்கு எப்போதும் எரியும். அதன் படுக்கை வெளிர் நிறத் துணி. கூடவே, கதவு திறக்கும்போது உட்கார்ந்து காத்திருக்கவும் பழக்கினேன். கிழட்டு நாய்க்குப் புதுப் பாடம் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்பது வயதில் கற்றுக்கொண்டது.

அந்த மாத்திரை அட்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வயதானவர் வீட்டில் மாத்திரை கீழே விழுவது சகஜம், விரல் நடுங்கும், கண் தெரியாது. நமக்கு மருந்தாக இருப்பது பிராணிக்கு விஷமாகலாம். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். இபுபுரோஃபன் போன்ற வலிமாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது, சர்க்கரையில்லாத மிட்டாய், சூயிங்கம் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால். கொஞ்சம் தின்றாலும் நாய்க்கு இரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் இவையும் கூடாது. நான் மாத்திரையை மேசையில் ஒரு தட்டை வைத்து அதற்குள்தான் பிரிப்பேன். பொம்மி வலது பக்கம் காத்திருக்கும்போது வேறு வழியில்லை.

நம் தோலும் முன்பு மாதிரி இல்லை. காகிதம் போல மெலிந்துவிடுகிறது, நாய் ஆசையாகக் கால் வைத்தாலே கிழிகிறது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு அது லேசில் நிற்காது. நகத்தை அடிக்கடி வெட்டிவிடுங்கள், வெட்டத் தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காலில் புண் இருந்தால், அதுவும் சர்க்கரை இருந்தால், நாய் நக்குவதை விடவே விடாதீர்கள். எச்சில் பட்டால் ஆறும் என்பதெல்லாம் பேச்சு. நாய் வாயில் இருக்கும் சில கிருமிகள் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு உயிராபத்து வரை கொண்டுபோகும். பூனைக் கடி பார்க்க ஊசிக்குத்து போலத்தான் இருக்கும், ஆனால் ஆழமாக இறங்கிச் சீழ் வைப்பதில் நாய்க் கடியை மிஞ்சும். எது கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போவதுதான் முறை. வளர்ப்பு நாய்தானே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

நாய் எல்லோருக்கும் ஒத்துவராது. நடக்க முடியாதவருக்குப் பூனை நல்லது. அதற்கு ஒரு மணல் தொட்டி போதும், பாதி நாளுக்கு மேல் தூங்கும், நம்மைப் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் இளக்காரம் இருக்கும். பழகிக்கொள்ளலாம். வீட்டில் லில்லி பூ மட்டும் வைக்காதீர்கள், அதன் மகரந்தத் தூளே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மீன் தொட்டி பார்க்க இதமானது, ஆனால் தண்ணீர் மாற்ற வாளி தூக்க வேண்டும், அதை யோசித்துக்கொள்ளுங்கள். கூண்டுப் பறவையில் எனக்கு மனம் செல்லவில்லை. அது என் சொந்த அபிப்பிராயம்.

இப்போது பொம்மிக்கு 12 ஆகிறது. கண்ணில் சாம்பல் படர்ந்திருக்கிறது, கூப்பிட்டால் கேட்பதில்லை, தரையைக் காலால் தட்டினால் திரும்பும். மூட்டுக்கு அதுவும் மாத்திரை சாப்பிடுகிறது, ஆக எங்கள் வீட்டில் இப்போது ரெண்டு அட்டை. வயதான நாயை வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனித்தபடியே இருக்க வேண்டும். தண்ணீர் குடிப்பது திடீரென்று கூடினால் சிறுநீரகமோ சர்க்கரையோ காரணமாக இருக்கலாம். ராத்திரியில் காரணமில்லாமல் உலாத்தினால், மூலையில் போய் முட்டி நின்றால், பழகிய வழியை மறந்தால், மனிதருக்கு வரும் மறதிநோய் போல நாய்க்கும் ஒன்று உண்டு, அதுவா என்று மருத்துவரைக் கேளுங்கள். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நம் மருத்துவர் நம்மிடம் சொன்னால் நமக்கு எப்படி எரியும்? அதையே நாயைப் பார்த்து நாம் சொல்லக் கூடாது.

அது எனக்கு முன்னால் போனால் அழுவேன், அதற்கு ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நான் முன்னால் போனால், அல்லது படுத்துவிட்டால்? இதை யோசிக்காமல் பிராணி வளர்ப்பது, பொம்மி வந்த விதத்தைப் பார்த்த எனக்கு முடியாத காரியம். கண் அறுவைக்காக மருத்துவமனையில் இருந்தபோதே எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துக்கொண்டார். அவரிடம் ஒரு சாவி இருக்கிறது. என் பர்சில், இரத்த வகை எழுதிய சீட்டுக்குப் பின்னால், 'வீட்டில் நாய் இருக்கிறது, இந்த எண்ணுக்குச் சொல்லவும்' என்று ஒரு சீட்டு. தெருவில் மயங்கி விழுந்தால் என்னை யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள், பூட்டிய வீட்டுக்குள் இருப்பதைப் பற்றி யாருக்கும் தெரியாது பாருங்கள்.

இது போக ஒரு நோட்டு. பொம்மிக்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் படுக்கும், இடிச் சத்தத்துக்குக் குளியலறையில் போய் ஒளிந்துகொள்ளும், இடது காதைத் தொட்டால் பிடிக்காது, யாரைக் கண்டால் குரைக்கும், ராத்திரி அட்டைச் சத்தத்துக்கு அரை பிஸ்கட். மகள்தான் அடுத்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். வாய்வார்த்தையாக விடாமல் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி, மருத்துவச் செலவுக்குத் தனியாகப் பணமும் ஒதுக்கி வைத்துவிட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பொம்மியைச் சில நாள் அவள் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். அந்த வீட்டின் வாசனை இப்போதே பழகட்டும் என்றுதான்.

போன தடவை நோட்டைப் புரட்டிப் பார்த்தவள், "அப்பா, மத்தியானம் சோபாவுல படுக்கும்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். நாய் அப்போது அவள் பக்கத்தில் சோபாவில்தான் படுத்திருந்தது. அந்த வரியை நான் அடிக்கவில்லை. கீழே, 'ஜன்னல் பக்கத்து இடம்' என்று சேர்த்து எழுதியிருக்கிறேன்.